ஈடும் போலியும்: எளிய மாற்றுப் பொருள்கள் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

தமிழில் ‘போலி’ என்னும் சொல் ஒன்றுக்கொன்று முரணான இரு மதிப்புகளைத் தாங்கி நிற்கின்றது. அன்றாட வழக்கில் அஃது இகழ்ச்சிச் சொல். போலி மருந்து, போலிக் கையொப்பம், போலித் துறவி என்னுந் தொடர்களில் அது ஏமாற்றைக் குறிக்கின்றது. இலக்கண நூலார் வழக்கிலோ அச்சொல்லில் இகழ்ச்சி சிறிதுமில்லை. ‘அறம்’ என்பது ‘அறன்’ என்றும், ‘பந்தல்’ என்பது ‘பந்தர்’ என்றும் வருமிடத்து, ஓரெழுத்து நின்ற இடத்தில் வேறோரெழுத்து வந்து பொருள் மாறாது நிற்றலை அவர்கள் போலி என்றனர். பொருள் மாறாமை ஒன்றே ஆண்டு வேண்டப்படும் நிபந்தனை. ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்று நிற்பது எப்பொழுது ஏற்புடையதாகின்றது, எப்பொழுது குற்றமாகின்றது என்னும் வினா இவ்வொரு சொல்லுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கின்றது எனலாம்.

பெரிய வினாக்களைச் சிறிய பொருள்களின்மேல் வைத்து ஆராய்வது பல வேளைகளில் தெளிவு தரும். இங்கு எடுத்துக்கொள்ளப்படும் பொருள் மிகச் சிறியது: கிற்றார் வாசிப்போன் கடையில் வாங்கவேண்டிய துணைப்பொருள்களுக்குப் பதிலாக வீட்டிற் கிடைப்பவற்றைப் பயன்படுத்தும் வழக்கம். எடுத்துக்கொள்ளப்படும் இடம் அச்சுவேலி.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் கிழக்கிலே, செம்மண் தோட்டங்களும் கிணறுகளும் நிறைந்த ஊர் அச்சுவேலி. அதனைக் கடந்து செல்வோன் வல்லைவெளியின் உப்புக் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டே வடமராட்சியை அடைவான். தோட்டமும் கடல்நீரேரியும் அண்மித்த இந்நிலப்பரப்பில் நாதசுரமும் தவிலும் கோயில் வீதிகளை ஆண்டன. கிற்றார் பிற்பட வந்தது. தேவாலயப் பாடற்குழுக்களிலும் கல்லூரி மேடைகளிலும் அஃது இடம்பெற்றது. 1960களின் பிற்பகுதி தொடக்கம் ஈழத்தில் பரவிய பொப்பிசை அதனை இளைஞர் கைக்குக் கொணர்ந்தது. அச்சுவேலிக்கு அயலிலுள்ள உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் அவ்விசையின் முன்னோடிகளுள் ஒருவர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இவ்வூரில், கைமாறிவந்த பழைய கிற்றார் ஒன்றைப் பெற்ற மாணவன் ஒருவனைக் கற்பனை செய்துகொள்ளலாம். கருவி கிடைத்துவிட்டது, அதனோடு சேர்ந்து வரவேண்டியவை கிடைக்கவில்லை. தந்தியை மீட்டும் சிறு வில்லை இல்லை. அவன் ஐஸ்கிறீம் பெட்டியின் மூடியையோ காலாவதியான தொலைபேசி அட்டையையோ கத்தரித்து, விளிம்பைச் சுவரில் உரைஞ்சி மழமழப்பாக்கிக்கொள்கின்றான். தோளில் மாட்டும் வார் இல்லை. பழைய சாரத்தின் கரைத்துண்டு அப்பணியைச் செய்கின்றது. காலை உயர்த்தி வைக்கும் தாங்கி இல்லை. ஒரு செங்கல் போதுமானது. தந்திகள் அழுக்கேறி ஒலி மங்கியபோது, புதியவை வாங்க வழியின்றி அவற்றைக் கழற்றி வெந்நீரில் அவித்துத் துடைத்து மீளப் பூட்டுகின்றான். சில நாட்களுக்கேனும் அவற்றின் ஒலி தெளிகின்றது.

இவற்றுள் மிகவும் புகழ்பெற்ற மாற்று, ‘கேப்போ’ எனப்படும் கவ்விக்கு உரியது. பாடுவோரின் குரல் உயரத்துக்கு ஏற்பக் கருவியின் சுருதியை உயர்த்தவேண்டும். ஆயினும் பழகிய விரலமைப்பு மாறக்கூடாது. இதற்காக ஆறு தந்திகளையும் ஒருங்கே ஒரு மெட்டின்மேல் அழுத்திப் பிடிப்பதே கவ்வியின் தொழில். மாணவன் ஒரு பென்சிலைத் தந்திகளுக்குக் குறுக்கே வைத்து, சைக்கிள் ரியூப்பிலிருந்து வெட்டிய றப்பர் நாடாவால் கருவியின் கழுத்தைச் சுற்றி இறுகக் கட்டுகின்றான். சுருதி உயர்கின்றது. பாட்டுத் தொடங்குகின்றது.

இம்மாற்றுப் பொருள்களை நோக்கி எழும் முதலாவது மறுப்பு, அவை தரங்குறைந்தவை என்பதாகும். இம்மறுப்பிற் பாதி உண்மை உண்டு. கிற்றார்க் கழுத்தின் மேற்பரப்பு சிறிது வளைந்திருப்பின் நேரான பென்சில் நடுத்தந்திகளை நன்கு அழுத்தி, ஓரத் தந்திகளைத் தளரவிடும். அவை அதிர்ந்து கரகரக்கும். றப்பரை அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் தந்திகள் இழுபட்டுச் சுருதி பிசகும். பாட்டின் நடுவே பென்சில் நழுவுதலும் உண்டு. ஆயினும் இக்குறைகளை எடுத்துரைக்கும்போதே ஓர் உண்மை வெளிப்படுகின்றது. பென்சில் எவ்வளவுக்கு நல்லது என்பதை அளக்கும் கோல் அதன் விலையுமன்று, அது பிறந்த இடமுமன்று. தந்திகள் ஒழுங்காக அழுத்தப்பட்டனவா, சுருதி சேர்ந்ததா என்பனவே அளவுகோல். கடையில் வாங்கிய கவ்வியும் அதே கோலால்தான் அளக்கப்படும். அது பிசகினால் அதற்கும் மன்னிப்பில்லை.

இசைவாணர் மரபு இவ்வுண்மையை நெடுங்காலமாக அறிந்திருந்தது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்திலே அப்பப்படுவது சமையலறையில் உள்ள ரவையைப் பிசைந்த பசையே. கச்சேரிக்கு முன் இடப்பட்டுப் பின் வழித்தெடுக்கப்படும் அந்தப் பசையின்றி அப்பக்கத்துக்கு ஆழ்ந்த நாதம் இல்லை. தம்புராவின் தந்திக்கும் குதிரைக்கும் இடையே செருகப்படும் சிறு நூற்றுண்டே அக்கருவியின் ரீங்காரத்துக்கு உயிர் கொடுப்பது. தவில் வாசிப்போர் வலக்கை விரல்களில் அணியும் கூடுகள் துணியும் பசையுங் கொண்டு கையால் ஆக்கப்பட்டு உலர்த்தப்படுபவை. ஈழத்துத் தவிலுக்குப் பெரும்புகழ் தேடித்தந்த தட்சிணாமூர்த்தியின் நாதமும் இத்தகைய எளிய பொருள்களினூடாகவே பிறந்தது. ரவையையும் நூலையும் துணியையும் எவரும் ‘மலிவான மாற்று’ என்று கூறுவதில்லை. அவற்றுக்கு முந்திய விலையுயர்ந்த மூலம் ஒன்று இருக்கவில்லையாதலால், ஒப்பிட்டுத் தாழ்த்துவதற்கும் இடமில்லை. வறுமையின் சின்னமாகப் பார்க்கப்படும் பல பொருள்கள், வேறொரு வரிசையில் வைத்துப் பார்க்கப்படின், கலையின் இயல்பான உறுப்புகளாகத் தோன்றும் என்பது இதனாற் பெறப்படும்.

உலக வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றது. அமெரிக்காவின் மிசிசிப்பிப் பகுதியிலே கறுப்பின மக்கள் கத்தியாலும் உடைத்து மழுக்கிய போத்தற் கழுத்தாலும் கிற்றார்த் தந்திகளின்மேல் வழுக்கி வாசித்தனர். பிற்காலத்தில் டுவேன் ஓல்மன் என்னும் கலைஞர் வெறுமையான மருந்துப் போத்தலொன்றை விரலில் மாட்டி வாசித்துப் பெயர் பெற்றார். இன்று அவ்வடிவத்திலேயே கண்ணாடிக் குழல்கள் செய்து விற்கப்படுகின்றன. கழிவுப் பொருள் மூலமாகி, கடைப்பொருள் அதன் நகலாகிவிட்டது. ஒரு கோலைத் தந்திமேல் நகர்த்தி வாசிக்கும் கோட்டுவாத்தியத்தை, அதாவது சித்திரவீணையை, அறிந்த தமிழிசை இரசிகருக்கு இம்முறை அந்நியமானதன்று.

இதனினும் ஆழமான எடுத்துக்காட்டு நைலோன் தந்தியாகும். செவ்வியல் கிற்றாருக்கு முன்னர் விலங்குக் குடலால் ஆன தந்திகளே பூட்டப்பட்டன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அக்குடல் சத்திரசிகிச்சைத் தையலுக்கு வேண்டப்பட்டமையால் இசைக்கருவிகளுக்கு அரிதாயிற்று. 1940களில் நியூயோர்க்கிலிருந்த அல்பேட் ஓகஸ்டீன் நைலோன் இழையைத் தந்தியாக்கும் முயற்சியில் ஈடுபட்டார். ஸ்பானியக் கிற்றார் மேதை அந்திரேஸ் செகோவியா அதனை ஏற்று ஊக்குவித்தார். பற்றாக்குறையிற் பிறந்த அம்மாற்றே இன்று உலகெங்கும் செவ்வியல் கிற்றாரின் இயல்பான தந்தி. புண்ணைத் தைப்பதற்குக் குடலை விட்டுக்கொடுத்து, இசைக்கு வேறொன்றைத் தேடிய அந்த ஒழுங்கில் ஓர் அறமும் உண்டு.

மூலத்தைக் காட்டிலும் மாற்றே அறத்தால் உயர்ந்ததாதலும் கூடும். மீட்டும் வில்லைகள் ஒரு காலத்தில் அழுங்காமையின் ஓட்டிலிருந்து செய்யப்பட்டன. மலிவான செலுலோயிட்டு வில்லை அதற்கு ஈடாக வந்தபோது அது தாழ்ந்த சரக்காகவே கருதப்பட்டிருக்கும். அழுங்காமை அருகிவரும் உயிரினமாகி, அதன் ஓட்டின் பன்னாட்டு வணிகம் தடைசெய்யப்பட்ட பின்னர், ஐஸ்கிறீம் மூடியை வெட்டிய அச்சுவேலி மாணவனின் கை, ஆமையோட்டு வில்லையைப் பேணுவோனின் கையிலும் தூய்மையானது.

இவ்வாறாயின் எல்லா மாற்றும் நன்றே எனலாமோ? இவ்வினாவுக்கு விடைகாண்பதற்கு இந்திய மெய்யியலின் எதிர்பாராத மூலையொன்று துணைசெய்கின்றது. சைமினியின் மீமாஞ்சை நூல், அதன் ஆறாம் அத்தியாயத்தில், வேள்விக்கு விதிக்கப்பட்ட பொருள் கிடையாதவிடத்துச் செய்யத்தக்கது யாது என ஆராய்கின்றது. அத்தகைய ஈட்டுப் பொருளுக்கு அம்மரபிலே ‘பிரதிநிதி’ என்று பெயர். சோமக்கொடி கிடையாவிடிற் பூதிகக்கொடியைக் கொள்ளலாம் என்பது அங்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. வேள்விச் சடங்கில் நம்பிக்கையற்றோரும் அவ்வாராய்ச்சி வகுக்கும் எல்லைகளைக் கருதிப் பார்த்தல் தகும்.

முதலாவது எல்லை: பொருளுக்கு ஈடு உண்டு, செய்வோனுக்கும் அவனது நோக்குக்கும் ஈடு இல்லை. திரவியத்தை மாற்றலாம், வேள்வித் தலைவனையும், வேள்வி எத்தெய்வத்தை நோக்கிச் செய்யப்படுகின்றதோ அத்தெய்வத்தையும் மாற்றவியலாது. கிற்றாருக்கும் இது பொருந்தும். கவ்விக்குப் பென்சில் ஈடாகும். பயிற்சிக்கும் செவிக்கும் எதுவும் ஈடாகாது. விலையுயர்ந்த துணைப்பொருள்களை அடுக்கிவைத்துப் பயிற்சியைத் தவிர்ப்போனே உண்மையில் பெரும் மாற்றொன்றைச் செய்தவன். அவன் செய்பவனுக்குப் பதிலாகப் பொருளை வைத்துவிட்டான்.

இரண்டாவது எல்லை: விலக்கப்பட்ட பொருள், எத்துணை ஒத்திருப்பினும், ஈடாகாது. உருவொப்புமை மட்டும் போதாது; தீங்கு விளைவிப்பது ஈட்டின் பெயரால் நுழையக்கூடாது. நைலோன் தந்திக்கெனச் செய்யப்பட்ட கிற்றாரில் உருக்குத் தந்தியைப் பூட்டுவது இவ்வகையது. தந்தி தந்தியைப் போலவே இருக்கும், ஒலியும் எழும், ஆனால் மிகுந்த இழுவிசை நாளடைவில் குதிரையைப் பெயர்த்துக் கழுத்தை வளைத்துவிடும். ஒரு பாட்டுக்காகக் கருவியையே உண்ணும் மாற்று ஈடன்று, அது கடன்.

மூன்றாவது எல்லையே இங்கு மிகவும் மனங்கொளத்தக்கது. ஈடாகக் கொண்ட பொருளும் கெட்டுப்போனால், அடுத்துத் தேடவேண்டிய பொருள் எதனை ஒத்திருத்தல் வேண்டும்? முதற்பொருளை ஒத்ததையே தேடவேண்டும், ஈட்டை ஒத்ததையன்று என்பது மீமாஞ்சகர் முடிபு. ஈடு மூலத்தின் இடத்தில் தற்காலிகமாக நிற்கின்றது. அளவுகோலாகும் உரிமை அதற்கில்லை. மேலோட்டமாகப் பார்ப்போர்க்கு இது சடங்கு நுணுக்கமாகத் தோன்றும். குடாநாட்டின் அண்மைக்கால வரலாற்றின்மேல் இதனை வைத்து நோக்கினால் இதன் கனம் புலப்படும்.

1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்ட பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றது. எரிபொருள், மின்கலம், உரம், சவர்க்காரம் முதலிய பல பொருள்கள் தடைக்கோ கடுங் கட்டுப்பாட்டுக்கோ உள்ளாயின. அக்காலத்து மக்களின் ஆக்கத்திறன் பரவலாகப் பேசப்படுவது. ஜாம் போத்தலிற் பஞ்சும் சிறிதளவு மண்ணெண்ணெயும் மெல்லிய திரியும் இட்டு ஆக்கிய சிக்கன விளக்கில் ஒரு தலைமுறை மாணவர் பரீட்சைக்குப் படித்தனர். சைக்கிளை நிறுத்திவைத்து மிதித்து, அதன் டைனமோவிலிருந்து பிறந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டனர். சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்த மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினர். 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் பெருந்திரளாக இடம்பெயர்ந்தபோது, அச்சுவேலியிலும் அயலூர்களிலும் வீடுகளும் அவற்றுள் இருந்தவையும் கைவிடப்பட்டன. 2002இல் ஏற்பட்ட போர்நிறுத்த உடன்படிக்கையை ஒட்டித் தடைகள் தளர்ந்தன. 2006 ஓகத்தில் ஏ-9 வீதி மூடப்பட்டதும் பற்றாக்குறை மீண்டும் வந்தது.

இவ்வாண்டுகளை நினைவுகூரும் எழுத்திலும் பேச்சிலும் ஒரு பெருமிதம் இழையோடுகின்றது. அப்பெருமிதம் நியாயமானதே. இருளில் விளக்கொன்றைக் கண்டுபிடித்தவன் இருளுக்கு அடிபணியவில்லை; அவனது செயலில் மனித மாண்பு நிலைநிறுத்தப்பட்டது. ஆனால் அப்புகழ்ச்சி ஓர் ஆபத்தான வழுக்குதலுக்கு இடந்தருகின்றது. “இல்லாமல் வாழப் பழகியவர்கள்” என்னும் பாராட்டு, “இவர்களுக்கு இது போதும்” என்னும் தீர்ப்பாக மாறுவதற்கு அதிக நேரம் செல்லாது. போத்தல் விளக்கை ஆக்கியவனின் திறமை, மின்சாரத்தை மறுத்தவனின் கணக்கில் வரவு வைக்கப்படலாகாது. அவ்விளக்கின் மங்கிய ஒளியிற் கண்ணைக் கசக்கிப் படித்த பிள்ளை எய்திய சித்தி, அந்த ஒளி போதுமானது என்பதற்குச் சான்றன்று. அவ்வாறு எய்தாமற் போனவர்களை எந்தப் பெருமிதமும் கணக்கிட்டதில்லை.

இங்குதான் பென்சிலும் போத்தல் விளக்கும் ஒன்றையொன்று விளக்குகின்றன, வேறுபடவும் செய்கின்றன. பாட்டின் நடுவே பென்சில் நழுவினால் கேட்போர் சிரிப்பர். பாட்டு மறுபடியும் தொடங்கும். மருந்துக்கு ஈடாக நின்ற கைவைத்தியம் தவறினால் மறுபடியும் தொடங்குவதற்கு எதுவுமில்லை. தவறின் விலையைச் சுமப்பவர் யார், அவர் அதனைச் சுமக்க இசைந்தாரா என்னும் வினாக்களே மாற்றுப் பொருளின் அறத்தை நிர்ணயிக்கின்றன. தானே விரும்பிச் சிக்கனத்தை மேற்கொள்வது ஒழுக்கம். ஒருவர்மேற் சுமத்தப்பட்ட இல்லாமையைச் சிக்கனம் என்று அழைப்பது பெயர் மாற்றம். அப்பெயர் மாற்றமே இகழத்தக்க போலி. அங்கு எழுத்து மாறும்போது பொருளும் மாறிவிடுகின்றது.

இதற்கு மறுதலையாக ஒரு வாதம் கூறப்படலாம். இல்லாமை இல்லையேல் ஆக்கத்திறனும் இல்லை. குடல் அரிதாகாவிடின் நைலோன் தந்தி ஏது, கடைப்பொருள் கிடைத்திருப்பின் போத்தற் கழுத்து ஏது என்பது அது. வரலாற்று நிகழ்ச்சிகளின் வரிசையை இவ்வாதம் சரியாகவே கூறுகின்றது. அவ்வரிசையிலிருந்து அது பெறும் முடிபே பொருந்தாதது. நைலோன் வெற்றிபெற்றமைக்குக் காரணம், செகோவியா போன்றோர் குடல் தந்தியின் நாதத்தைக் காதிலே கொண்டு அதற்கு நிகராக அன்றி எதனையும் ஏற்க மறுத்தமையாகும். பற்றாக்குறை தேடலைத் தூண்டியது. மூலத்தின் நினைவே தேடலை வழிநடத்தியது. அந்நினைவு அழிந்துவிட்ட இடத்தில் பற்றாக்குறை கண்டுபிடிப்பைத் தருவதில்லை, பழக்கத்தையே தருகின்றது.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் இவ்வுண்மை முழு இலங்கைக்கும் பொதுவாயிற்று. அந்நியச் செலாவணி வற்றி, எரிபொருளுக்கு வரிசைகள் நீண்டு, மின்வெட்டு நாளொன்றுக்குப் பல மணி நேரம் நீடித்தபோது, நகரத்து அடுக்களைகளிலும் விறகடுப்பு மூண்டது. வடக்கில் வாழ்வோர் சிலர் அப்போது, “இது எங்களுக்குப் புதிதன்று” என்றனர். அக்கூற்றில் வலிமை உண்டு. கூடவே ஒரு சோகமும் உண்டு. முந்திய ஈட்டோடு ஒப்பிட்டுப் பிந்திய ஈடு பரவாயில்லை என்று ஆறுதல் கொள்வதே மீமாஞ்சகர் விலக்கிய வழி. ஒப்பிடவேண்டியது மூலத்தோடு: எல்லார்க்கும் கிடைக்கவேண்டிய ஒளியோடு, எல்லார்க்கும் கிடைக்கவேண்டிய மருந்தோடு.

இனி அம்மாணவனிடம் மீள்வது பொருத்தம். போர் 2009இல் முடிவுற்றது. இன்று யாழ்ப்பாண நகரக் கடைகளிற் கிற்றாரும் கவ்வியும் தந்தியும் வாங்கக் கிடைக்கின்றன. ஆயினும் அவற்றை வாங்கும் ஆற்றல் எல்லா வீடுகளிலும் இல்லை. இசை கற்பிக்கும் ஆசிரியரிடம் மாணவன் பென்சில் கட்டிய கருவியோடு வந்து நிற்கும்போது ஆசிரியருக்கு இரு கடமைகள் உள. அப்பென்சிலை இகழாதிருத்தல் ஒன்று. அதனை இன்னும் நேராகக் கட்டுவது எவ்வாறு என்று காட்டுதலும் அதனுள் அடங்கும். ‘திறமைசாலிக்குப் பென்சிலே போதும்’ என்று கூறி, பாடசாலைக்குக் கருவி கேட்கவேண்டிய தம் பொறுப்பைக் கைகழுவாதிருத்தல் மற்றையது. முதற் கடமையை மட்டும் செய்பவர் மாணவனைப் பாராட்டி அவ்விடத்திலேயே நிறுத்திவிடுகின்றார். இரண்டாவதை மட்டும் செய்பவர், கருவி வரும்வரை அவனைப் பாடாமற் காத்திருக்கச் செய்கின்றார். இரண்டையும் ஒருங்கே செய்தல் கடினம். அறம் பெரும்பாலும் இத்தகைய கடினத்திலேயே வாழ்கின்றது.

‘அறம்’ ‘அறன்’ ஆகலாம்; பொருள் மாறுவதில்லை. அங்ஙனம் மாறாதிருப்பதற்குக் காரணம், ‘அறன்’ என்று கேட்கும் செவி ‘அறம்’ என்பதன் பொருளை முன்னரே அறிந்திருத்தலாகும். பென்சில் கட்டிய கிற்றாரிலிருந்து எழும் பாட்டும் அத்தகையது. அதனை வாசிப்போன் சுருதியை அறிந்தவனாகவும், கேட்போர் அவனுக்கு உரியது எது என்பதை மறவாதவர்களாகவும் இருக்கும்வரை அங்கு குறைவொன்றுமில்லை. கேட்போர் மறந்துவிடின், குறை பென்சிலில் இல்லை.